இரண்டு சாட்சி, ஒரு சிதைவு

உருத்திரபுரத்தில் என் வீடு இடிந்துபோனது என்பதை எங்கள் விதானையார் கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு இருந்த இடத்தில் எருக்கலைப் பற்றை நின்றது. சமையல் குசினிப் பக்கம் ஒரு பெரிய குழி இருந்தது. மாரி வந்தால் அதற்குள் தவளை கத்தும். அந்தப் பற்றைக்குப் பக்கத்தில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு நானும் கணவரும் பிள்ளைகளும் குடியிருந்தோம். இவ்வளவையும் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு அந்த மனிதர் கேட்டார்:

"இடிஞ்சதை ஆர் கண்டது?"

"நான் அப்ப மல்லாவியிலை அகதி. ஊரே அங்கைதானே கிடந்தது. ஆர் காணுறது?"

"அப்ப காணேல்லை."

"குழி கிடக்குது, ஐயா."

"குழி கிடக்குதுதான். வீடு எங்கை?"

வீடு எங்கே என்று தெரிந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்? யுத்த நிறுத்தம் வந்து சனம் ஊர் திரும்பியிருந்த காலம் அது. வீடிழந்தவர்களுக்கு வீட்டுத்திட்டம் என்று ஒரு படிவம் வந்திருந்தது. படிவத்தின் அடியில் கிராமத்து விதானையின் கையெழுத்து வேண்டும். விதானையார் என்றால் எங்கள் கிராமத்துக்கு அரசாங்க உத்தியோகத்தர். பிறப்பு, இறப்பு, வதிவிடம், வெள்ளம், செத்த மாடு எல்லாவற்றையும் அவர்தான் உறுதிப்படுத்த வேண்டும். நான் சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையின் மனேச்சர். அவர் கையெழுத்துப் போட்ட அட்டைக்குத்தான் நிவாரண அரிசி நிறுப்பேன். ஊரில் அந்தக் கையெழுத்தை என்னைவிட அதிகம் பார்த்தவர் கிடையாது. என் படிவத்தில் மட்டும் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அவரிடம் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. அதில் மூன்று நிரல் கோடு போட்டு வைத்திருந்தார். முதலாவது உறுதி, இரண்டாவது சாத்தியம், மூன்றாவது கதை. ஊரில் யார் எதைச் சொன்னாலும் இந்த மூன்றில் ஒன்றில் போய் விழும். என் வீட்டை முதலில் கதை நிரலில் எழுதினார். நான் சங்கக்கடை வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகு குழியை ஒரு பாதிச் சாட்சியாக எடுத்துக்கொண்டு சாத்தியத்துக்கு ஏற்றினார். அதற்கு மேல் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

இந்த வழக்கம் அவருக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் இருந்து வந்ததில்லை. ஆகாயச் சண்டையில் இருந்து வந்தது.

இளம் வயதில் பயிற்சிக்கு வவுனியாவுக்குப் போனபோது, கச்சான் கடலை சுற்றிக் கொடுக்க வைத்திருந்த பழைய கடதாசிக் கும்பலிலிருந்து அவர் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார். முன்னட்டை இல்லை. எழுதியவர் பெயர் இல்லை. முதலாம் உலக யுத்தத்தில் பறந்து பறந்து சண்டை பிடித்த விமானிகளின் சரித்திரம். கடைசிப் பக்கங்கள் அவர் போவதற்கு முன்பே கச்சானோடு போய்விட்டன. மிச்சம் இருந்ததை அவர் எத்தனை முறை படித்தாரோ, எனக்குத் தெரியாது. வீட்டு முன்னறைதான் அவருடைய கந்தோர், அதாவது அலுவலகம். அதன் சுவரில் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் மூன்று தட்டுச் செட்டை வைத்த விமானம் ஒன்று கீறி ஒட்டியிருந்தார். வதிவிடச் சான்றிதழுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து ஏதோ கேட்டுவிடுவார்கள். கேட்டால் தீர்ந்தது. சான்றிதழ் கிடைக்க மத்தியானமாகிவிடும்.

"ஐஞ்சு விமானம் விழுத்தினவனுக்குத்தான் ஏஸ் எண்டு பேர்," என்று தொடங்குவார். "நாலு விழுத்தினாலும் ஆள் ஆள்தான், ஏஸ் இல்லை. ஆனா விழுத்தினன் எண்டு வந்து சொன்னாப் போதாது. ஜேர்மன்காரன் விடமாட்டான். கண்ட சாட்சி வேணும். இல்லாட்டி விழுந்த விமானத்தின்ரை சிதைவு வேணும். இவங்கள் வீரம் காட்டினது பெரிசில்லை. அந்த அமளிக்குள்ளையும் பொய் சொல்லாமல் எண்ணினாங்கள் பாருங்கோ, அதுதான் பெரிசு."

ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டு வாங்கிலில் இருந்த ட்ரக்டர்காரர் குறுக்கே விழுந்தார். இந்த ட்ரக்டர்காரரைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. அவர் சொன்னார்: "என்ன விதானையார், முந்நூற்றிநாலு விளையாடேக்கை ஜாக்கும் ஒன்பதும் போகத்தானே ஏஸ்? மூண்டாம் ஆளுக்குப் போய் இவ்வளவு எடுப்பெடுக்கிறியள்?"

விதானையார் பேனையைக் கீழே வைத்தார். கடதாசி விளையாட்டில் ஏஸ் மூன்றாமிடம் என்பது அவருக்கும் தெரியும். முப்பது வருடமாக அது அவர் மனதில் தட்டுப்படவில்லை. "அது வேறை," என்றார். அன்று முழுக்க முகம் சரியில்லை.

அவருடைய மனைவியை ஊரே அக்கா என்றது. நல்ல உயரம், உரத்த குரல். எங்கே போனாலும் கறுப்புக் குடை ஒன்றோடு போவார். அதில் ஒரு பக்கம் கிழிந்து நீலத் துணியில் துண்டு போட்டுத் தைத்திருந்தது. அவர் வருவதற்கு முன்னமே வளைவில் அந்த நீலத் துண்டு தெரியும். விமானக் கதை என்றால் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இவருக்கோ அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் கதை பொங்கும்.

கோயில் அன்னதானத்தில் ஒருமுறை பந்தியில் இருந்துகொண்டு ஆரம்பித்தார். "அந்தக் காலத்து எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய்தான் விட்டவங்கள். எஞ்சின் சுத்தச் சுத்த எண்ணெய் பின்னாலை பறந்து பைலட்டின்ரை முகத்திலை அடிக்கும். வாயைத் திறந்தா வயித்துக்கை போகும். ரெண்டு மணித்தியாலம் பறந்தா என்ன நடக்கும்?"

பாயாசத்தில் கைவைத்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள்.

"என்ன நடக்கும்?" என்று ட்ரக்டர்காரர் கேட்டார். அந்த மனிதருக்குக் கேட்காமல் இருக்க ஏலாது.

"எதிரியைவிட அவசரமான விசயம் ஒண்டு வரும். சில சண்டையள் கெதியா முடிஞ்சதுக்குக் காரணம் வீரமில்லை."

சாம்பார் அகப்பையோடு வந்துகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றார். "இஞ்சேருங்கோ, அன்னதானத்திலை கதைக்கிற கதையோ இது? எழும்புங்கோ. எழும்பிப் போய்க் கை கழுவுங்கோ."

"நான் இன்னும் சாப்பிடேல்லை."

"சாப்பிட்டதுக்குச் சாட்சி வேண்டாம், எழும்புங்கோ."

பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் எழும்பிப் போனார். பத்து நிமிடத்தில் அடுத்த பந்தியில் வந்து இருந்தார்.

இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு ட்ரக்டர்காரர் கெட்டுப்போனதுதான் ஊருக்கு வந்த கேடு. எங்கள் வயல்களில் புடையன் என்ற விசப் பாம்பு அதிகம். அவர் அதுவரை நான்கு புடையன் அடித்திருந்தார். நான்குக்கும் ஆள் சாட்சி உண்டு. அவருக்கு ஐந்தாவது வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. வரம்பெல்லாம் பொல்லோடு திரிந்தார். ஒருநாள் விதானையார் வீட்டு வைக்கோல் போருக்குள் ஒரு பெரிய புடையன் நின்றது. சத்தம் கேட்டு ட்ரக்டர்காரர் ஓடிப்போய் அடித்துத் தூக்கிப் பொல்லில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்வலமாகக் கந்தோருக்குக் கொண்டுவந்தார்.

"ஐஞ்சாவது! சிதைவு இஞ்சை கிடக்குது. எழுதுங்கோ!"

விதானையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலையிலை அடி ஒண்டு. நடு உடம்பிலை அடி ஒண்டு. நடு அடி அகலமாய்க் கிடக்குது. உம்மடை பொல்லு மெல்லிசு. இது உலக்கை."

அக்கா குசினி வாசலில் நின்று, "நான்தான் முதல் போட்டனான். பிறகுதான் இவர் வந்தவர்," என்றார்.

விசாரணை அரை மணித்தியாலம் நடந்தது. இருவர் சேர்ந்து ஒரு விமானத்தை விழுத்தினால் சில நாட்டுக்காரர் ஆளுக்குப் பாதி எழுதுவார்களாம். அந்த விதிப்படி அக்காவுக்கு அரை, ட்ரக்டர்காரருக்கு அரை. கொப்பியில் அப்படியே ஏறியது. ட்ரக்டர்காரரின் கணக்கு நாலரையில் நின்றது. அன்று தொடங்கி ஊரில் அவருக்குப் பெயர் நாலரை. அவருடைய பிள்ளைகளைக்கூட நாலரையின்ரை பிள்ளைகள் என்றுதான் சொன்னார்கள்.

"மனுசியின்ரை அரையை எனக்குத் தரச்சொல்லிக் கேளுங்கோவன்," என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். அக்கா கொடுத்துவிடத் தயார். விதானையார் விடவில்லை.

எனக்கு அந்த விசாரணையில் ஒரு பயன் கிடைத்தது. அக்கா நின்ற குசினி வாசலுக்குப் பக்கத்தில் அவருடைய கோழிக்கூடு இருந்தது. கூட்டின் மேல் ஓடு போட்டிருந்தது. என் வீட்டு ஓடு! ஒன்றில் மூலை உடைந்து, என் கணவர் சீமெந்து பூசி ஒட்டிய அடையாளம்கூட இருந்தது. வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், கோழி குடியிருக்கிறது!

"ஐயா, சிதைவு! உங்கடை கோழிக்கூட்டுக்கு மேலை!"

அக்கா மறைக்கவில்லை. "ஓம், நான்தான் இவளின்ரை காணிக்குள்ளை பொறுக்கினனான். திரும்பி வந்த புதிசிலை சும்மா சிதறிக் கிடந்தது. வேணுமெண்டா எடடி பிள்ளை."

"கேட்டியளோ ஐயா? சாட்சியும் வந்திட்டுது."

அவர் கூட்டுக்குக் கிட்டப் போய்ச் சீமெந்து பூசிய மூலையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையாட்டினார். "ஏலாது, தங்கச்சி. சிதைவு கிடந்தது என்ரை வளவுக்குள்ளை. சாட்சி என்ரை மனுசி. இதை வைச்சு நான் கையெழுத்துப் போட்டா, தன்ரை ஆள் சொன்னதை வைச்சுத் தானே எழுதினான் எண்டாகும். அங்கை ஒரே படையணிக்காரன் சொல்லுறதை மட்டும் வைச்சு எழுதமாட்டாங்கள்."

"உவங்கள் செத்து எவ்வளவு காலம்! உவங்களுக்காக நான் கிடுகுக்குக் கீழை நனையிறதோ?"

மறுநாள் ஓடுகளைக் கழற்றிச் சைக்கிளில் இரண்டு நடையாகக் கொண்டுவந்து என் வளவில் அடுக்கிவிட்டுப் போனார். கையெழுத்து மட்டும் வரவில்லை. அந்த மாரிக்கு அக்காவின் கோழிகளும் நனைந்தன, நாங்களும் நனைந்தோம். அவரை நான் மனதாரத் திட்டினேன். அதை இங்கே எழுத ஏலாது.

அவருடைய கதைகளில் இரண்டு எனக்கு இப்போதும் மறக்கவில்லை. ஒன்று, ஓர் இளம் விமானியின் கதை. அவன் காட்டுக்குள் விழுந்ததை இரண்டு பேர் கண்டார்கள். எதிரிகளே மரியாதைக்கு ஒரு மலர்வளையத்தை விமானத்திலிருந்து போட்டுவிட்டுப் போனார்கள். தாய் பூசை வைத்தாள். மூன்று மாதம் கழித்துச் சிறைமுகாமில் இருந்து அவனுடைய கடிதம் வந்தது: குளிர் கடுமை, இரண்டு சோடி காலுறை அனுப்பவும். "ரெண்டு சாட்சி, மலர்வளையம், பூசை. எல்லாம் இருந்தது. சிதைவைப் போய்ப் பாத்தவன் மட்டும் இல்லை," என்பார்.

மற்றது கடைசிப் பக்கத்து ஆள். அந்த விமானியின் எஞ்சினில் புகை, கீழே மரங்கள், அவன் விமானத்தின் மூக்கைத் தூக்கப் பார்க்கிறான். அத்தோடு பக்கம் முடிகிறது. மிச்சம் கச்சானோடு போய்விட்டது.

"அவன் எப்பவோ விழுந்து செத்திருப்பான்," என்பார் அக்கா.

"கண்டனீரோ?"

"முப்பது வருசமாய் ஒரு மனிசன் ஆகாயத்திலை நிப்பானோ?"

"அது எனக்குத் தெரியாது. சாத்தியம் எண்டு போட்டிருக்கிறன்."

உண்மையிலேயே போட்டிருந்தார். கொப்பியில் இரண்டாவது நிரலில், செத்ததாகச் சொல்லப்பட்ட ஓர் எருமைக்கும் என் வீட்டுக்கும் மேலே அவனுடைய வரி இருந்தது. எருமை பிறகு திரும்பி வந்துவிட்டது.

யுத்தம் மறுபடி தொடங்கியது. இப்போது விமானம் புத்தகத்தில் இல்லை, தலைக்கு மேலே. கிபிர் விமானம் வரும் சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கருக்குள் பாய்வோம். இவர் பங்கர் வாசலில் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு நிற்பார். "பாத்தியளோ, சூரியனுக்குள்ளாலை வாறான். அப்பவும் இதைத்தான் செய்தவங்கள்." அக்கா உள்ளே இருந்து கத்துவார். ஒருநாள் கத்திப் பலனில்லாமல் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். சாரம் கையோடு வந்துவிட்டது. குண்டுக்குப் பயப்படாத மனிதர் அதன் பிறகு பங்கருக்குள் பாய்ந்த வேகத்தை நானும் நாலரையும் கண்டோம். அதை உறுதி நிரலில் எழுதச் சொல்லி நாலரை பல நாள் கேட்டார்.

வானொலிகள் இரண்டு பக்கமும் வெற்றி சொல்லிக்கொண்டிருந்த காலம். இவர் இரண்டையும் கேட்டு, இரண்டையும் மூன்றாவது நிரலில் எழுதினார். கதை. அது எப்படியோ வெளியே போய்விட்டது. மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். அப்படி வருகிறவர்களை யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் அப்போது அட்டைகளோடு கந்தோரில் நின்றேன்.

"வெற்றிச் செய்தியைக் கதை எண்டு எழுதினீங்களாம்?"

"நீங்கள் கண்டனீங்களோ?" என்று இவர் ஆவலாகக் கேட்டார்.

"என்ன?"

"கண்டிருந்தாச் சொல்லுங்கோ, இப்பவே உறுதியிலை போடுறன். ரெண்டு பேர் வந்திருக்கிறியள், நல்லதாய்ப் போச்சு. இதிலை ஒரு கையெழுத்து, இதிலை ஒரு கையெழுத்து." கொப்பியைத் திருப்பிப் பேனையை நீட்டினார்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் காணவில்லை. கதிரையில் இருந்தார்கள். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். இவர் ஆமணக்கெண்ணெய்க் கதையைத் தொடங்கினார். பாதிக் கதையில் அவர்கள் வேலை இருக்கிறது என்று எழும்பிப் போனார்கள். அக்கா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தொடங்கிய ஏச்சு ஒரு கிழமை நீடித்தது.

ஆனால் ஒருநாள் பக்கத்துக் கிராமத்தில் குண்டு விழுந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு உடனே போனார். பொழுதுபடத் திரும்பி வந்தபோது நான் வழியில் கண்டேன். கொப்பியில் ஒரு பக்கம் நிறைய உறுதி, உறுதி, உறுதி என்று எழுதியிருந்தது. வீட்டு எண்கள், பெயர்கள். "இப்ப மட்டும் கையெழுத்து உடனை வருதோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டவுடனேயே வெட்கமாகப் போய்விட்டது.

"கண்டனான், தங்கச்சி," என்றார். கொஞ்சத் தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவர், "இதிலை ஏஸ் எண்டு ஒருத்தனும் இல்லை. எதிர்த்துப் பறக்க ஆளில்லாத ஆகாயத்திலை என்னத்தை எண்ணுறது?" என்றார். அதன் பிறகு அவர் வாயில் விமானக் கதை வரவே இல்லை. நாலரை கேட்டும் வரவில்லை.

பிறகு நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன். நாலரையின் ட்ரக்டர் புதுக்குடியிருப்போடு நின்றுவிட்டது. விதானையாரின் அட்டையில்லாப் புத்தகம் அங்கே ஒரு பங்கருக்குள் கிடந்து மண்ணோடு போனது. சீ.ஆர். கொப்பியை மட்டும் பொலித்தீனில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு களப்பைக் கடந்தார். தண்ணீர் நெஞ்சளவு. சனம் சனமாகப் போனோம். நடுவில் செல் குண்டு விழுந்தது. கூட்டம் நாலு பக்கமும் சிதறியது. நான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, மணலில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். தலைக்கு மேல் கறுப்புக் குடை கவிழ்ந்திருந்தது. குடையில் நீலத் துண்டு.

செட்டிகுளம் முகாமில் எங்கள் கூடாரமும் அவர்களுடையதும் அடுத்தடுத்து. அவர்களுடையது என்றால், அவர் மட்டும். பதிவுக்கு வந்தவர் மனைவியைப் பற்றிக் கேட்டார். இவர் சொன்னார்: "இருக்கிறா. எங்கை எண்டு தெரியாது."

நான் நாட்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் நெருங்கியது. செத்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும். ஐயர் ஒருவரும் அதே முகாமில் இருந்தார். நானும் நாலரையும் சேர்ந்து போய்ச் சொன்னோம். இரண்டு பேரும் கண்டோம் என்று.

அவர் பொலித்தீனைப் பிரித்துக் கொப்பியை எடுத்தார். "சாட்சி ஒண்டு. தங்கச்சி, முகம் கண்டனீங்களோ?"

"குடை கண்டனான், ஐயா. நீலத் துண்டு."

"குடை ஆளில்லை. சீலை?"

"கத்தரிப்பூ நிறம். அவா உடுத்துக்கொண்டு வந்தது."

"சாட்சி ரெண்டு," என்று நாலரையிடம் திரும்பினார். "சீலை என்ன நிறம்?"

"பச்சை," என்றார் நாலரை. "நான் குனிஞ்சு முகமும் பாத்தனான்." என்னை ஒருமுறை பார்த்தார். "குனியேல்லை. குனிஞ்ச மாதிரித்தான்."

விதானையார் பேனையை மூடினார். "ரெண்டு சாட்சி, ரெண்டு சீலை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ரை வீட்டைத்தான் நம்பேல்லை, விடுவம். இதையும் நம்பமாட்டியளோ? அந்த மனுசிக்கு ஒரு விளக்காவது கொளுத்துங்கோ! எங்களிலை என்ன பிழை கண்டியள்?"

"உங்களிலை பிழையில்லை," என்றார் மெதுவாக. "நீங்கள் கண்டதுக்கு மேலாலை சொல்லுறியள்." இரண்டாவது நிரலில் ஏதோ எழுதிவிட்டுக் கொப்பியைத் திரும்பச் சுற்றினார். விளக்கு கொளுத்தவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நாலரை சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கிழமை நாலரை கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பாம்பை அடித்தார். பதினைந்து பேர் சாட்சி, ஒருவரும் கைவைக்கவில்லை, முழுதும் அவருடையது. மனிதரைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று கொண்டுவந்து காட்டினார். விதானையார் எட்டிப் பார்த்தார். "இது சாரை. விசமில்லை. பயணிகள் விமானம். கணக்கிலை வராது." நாலரை நாலரையாகவே திரும்பிப் போனார்.

இன்னும் மூன்று கிழமை போயிருக்கும். தண்ணீர் வரிசையில் நான் வாளியோடு நின்றேன். வேறு முகாமில் இருந்தும் வவுனியா ஆசுப்பத்திரியில் இருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் வந்து நின்றது. உயரமான ஒரு பெண், தொடையில் கட்டோடு, தடி ஊன்றி இறங்கினார். என் வாளி விழுந்தது.

"என்னடி பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்? எங்கை இந்த மனிசன்?"

நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறினேன். அவருக்குக் கால் நொந்தது. அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

விதானையார் கூடார வாசலில் இருந்தார். அக்காவைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுப் பார்த்தார். திரும்பவும் கழற்றினார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் கண்டேன், நாலரையும் கண்டார்.

அக்கா பக்கத்தில் இருந்து காலை நீட்டிக்கொண்டார். "சரி, சரி. என்னைச் செத்தவ எண்டு எழுதிப்போட்டியளோ?"

அவர் கொப்பியை நீட்டினார். அக்கா தூரத்தில் பிடித்து இரண்டாவது நிரலை வாசித்தார். "புகையோடை பறக்கிற வெள்ளைக்காரன். இவளின்ரை வீடு. அதுக்குக் கீழை நான். நல்ல கூட்டத்திலைதான் சேத்திருக்கிறியள்!" சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எத்தனை மாதத்துக்குப் பிறகோ தெரியாது, நான் வயிறு நோகச் சிரித்தேன்.

"அது கிடக்கட்டும். என்ரை குடையை ஆரும் கண்டனீங்களோ?" என்றார் அக்கா. "கரையிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை வெயில் தாங்காமல் தலைசுத்தி நிண்டுது. பிடி எண்டு குடுத்திட்டு நான் தண்ணி தேடிப் போனனான். அப்பதான் காலிலை பட்டது. பிறகு அவளைக் காணேல்லை."

நாலரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

"பேரென்ன?" என்று விதானையார் கேட்டார்.

"கேக்கேல்லை. வெயில், குடுத்திட்டன்."

அவர் கொப்பியை வாங்கி, அக்காவின் வரியை நேராக ஒரு கோடு போட்டு வெட்டினார். பிறகு புதுப் பக்கம் திருப்பி, முதலாவது நிரலில் எழுதத் தொடங்கினார். எழுத எழுதச் சத்தமாக வாசித்தார். "பெயர் தெரியாத பெண். களப்புக் கரை மணலில். நீலத் துண்டு தைத்த குடையோடு. உறுதி." எங்களை நிமிர்ந்து பார்த்தார். "சீலை?"

"தெரியாது, ஐயா," என்றேன்.

"நானும் காணேல்லை," என்றார் நாலரை.

தெரியாது என்று எழுதினார். கொப்பியைத் திருப்பி எங்களிடம் நீட்டினார். நான் ஒரு கையெழுத்துப் போட்டேன், நாலரை ஒரு கையெழுத்துப் போட்டார். ஏழு வருடத்தில் அந்தக் கொப்பியில் என் சாட்சியம் ஏறியது அன்றைக்குத்தான்.

அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடை அவளின்ரை எண்டு எழுதுங்கோ," என்றார்.

அவர் 'குடையோடு' என்பதை வெட்டிவிட்டு, 'தன் குடையோடு' என்று எழுதினார்.